சின்ன உடம்பு அக்கூஸ்டிக் கிட்டார் வாங்குவது எப்படி: பழையதோ புதியதோ, இந்த வரிசையில் பாருங்கள்

நியூ ஜெர்சிக்கு வந்த பிறகு எனக்காக நான்கு கிட்டார் வாங்கியிருக்கிறேன். நண்பர்களுக்குத் துணையாகக் கடை ஏறி இறங்கியது அதைவிடப் பல மடங்கு. ஏறக்குறைய எல்லோரும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். முதலில் பிராண்டு, அடுத்து வருடம், அடுத்து விலை என்று போய், கையையும் தோளையும் கடைசியில்தான் கேட்கிறார்கள். இதை அப்படியே திருப்பிப் போடுங்கள்: கை, காது, கழுத்துக் கோணம். பெயரும் வருடமும் அதற்குப் பிறகு.

இது எஃகுக் கம்பி கிட்டார்களுக்கான வழிகாட்டி. நைலான் கம்பி கிளாசிக்கல் கிட்டாருக்கு அளவுகளும் வழக்கங்களும் வேறு.

1. கிளம்பும் முன் பையில் எடுத்துவைக்க வேண்டியவை

அரை மில்லிமீட்டர் கோடு போட்ட 15 செ.மீ. ஸ்டீல் ஸ்கேல் ஒன்று. கொஞ்சமும் வளையாத 60 செ.மீ. ஸ்கேல் ஒன்று. பல் டாக்டர் வைத்திருப்பாரே, அந்த மாதிரி பிடி வைத்த சிறு கண்ணாடி. மொபைல் டார்ச். ஒரு துண்டு வெள்ளைத் தாள். டியூனர், கேப்போ (கழுத்தில் கவ்வவைத்துச் சுருதி ஏற்றும் கிளிப்).

இதையெல்லாம் பார்த்துக் கடைக்காரர் முகம் சுளித்தால் அந்தக் கடையில் பழைய கிட்டார் வாங்காதீர்கள். நல்ல கடைக்காரர் கண்ணாடியைத் தானே எடுத்துக் கொடுப்பார்.

2. எதற்காக வாசிக்கப் போகிறீர்கள் என்பதை முடிவு செய்யுங்கள்

சிறிய கிட்டாரில் கீழ்ஸ்தாயி முழங்காது. ஆறு கம்பியும் ஏறக்குறைய ஒரே எடையில் கேட்கும். விரலால் மீட்டுகிறவர்களுக்கும், தனியாகப் பாடுகிறவர்களுக்கும், வீட்டில் ஒரு மைக் வைத்து ரெக்கார்டு செய்கிறவர்களுக்கும் அதுதான் வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை பத்துப் பேர் கூடிப் பாடும் இடத்தில் பிக் வைத்து ஓங்கி ஸ்ட்ரம்மிங் செய்வதுதான் உங்கள் வேலை என்றால், சிறிய கிட்டார் ஒரு கட்டத்துக்கு மேல் நெரிந்துபோகும். இன்னும் ஓங்கி அடித்தால் சத்தம் கூடாது, கரகரப்புதான் கூடும். அப்படிப்பட்டவர்கள் ட்ரெட்நாட் என்னும் பெரிய உடம்பு கிட்டாரை வாங்கிக்கொண்டு போகலாம், இந்தக் கட்டுரை வேண்டாம்.

3. அளவுப் பெயர்களை நம்பாமல் அளந்து பாருங்கள்

மார்ட்டின் நிறுவனத்தின் பெயர் முறையைத்தான் மற்றவர்களும் கடன் வாங்கியிருக்கிறார்கள். பூஜ்யம் கூடக் கூட உடம்பு பெரிதாகும். அடிப்பகுதியின் அதிகபட்ச அகலம் 0 அளவில் 34.3 செ.மீ., 00 அளவில் 36.4, 000 மற்றும் ஓஎம் இரண்டிலும் 38.1. ட்ரெட்நாட் 39.7. கிப்சன் நிறுவனத்தின் எல்-00 மாடல் ஏறத்தாழ 37.5, அதாவது 00-க்கும் 000-க்கும் நடுவில்.

"பார்லர்" என்ற சொல்லுக்கு மட்டும் கட்டுப்பாடே கிடையாது. 0 அளவுக்கும் கீழே உள்ளதையும் அப்படித்தான் சொல்கிறார்கள், 00 அளவையும் அப்படித்தான் விற்கிறார்கள். விளம்பரத்தில் அந்தச் சொல் இருந்தால் அகலம் எத்தனை என்று கேளுங்கள்.

அகலத்தைவிட முக்கியமானது ஆழம். இதை யாரும் கேட்பதே இல்லை. ட்ரெட்நாட்டின் ஆழம் 12.4 செ.மீ., 000-வின் ஆழம் 10.5. இந்த இரண்டு சென்டிமீட்டர்தான் வலது தோளைத் தூக்க வைக்கிறது. மதுரைக்கார நண்பர் ஒருவர், "அண்ணா, சத்தம் பிடிச்சிருக்கு, தோள்தான் செத்துப்போகுது" என்று ஆறு மாதம் புலம்பினார். 000 ஒன்றை மடியில் வைத்ததும் அவர் தோள் தானாக இறங்கியதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அகலத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் ஒன்றரை சென்டிமீட்டர்தான்.

4. கைக்கான மூன்று அளவுகள்

முதலாவது, ஸ்கேல் நீளம்: நட்டிலிருந்து (கழுத்தின் தலையருகே கம்பியைத் தாங்கும் பட்டை) சேடில் வரை (உடம்பில் பிரிட்ஜ் கட்டைமேல் கம்பியைத் தாங்கும் பட்டை) கம்பி அதிரும் தூரம். ஓஎம் 645 மி.மீ., வழக்கமான 000 அதே உடம்பில் 632. எல்-00 ஏறத்தாழ 629. டெய்லரின் ஜிஎஸ் மினி 597. ஒரே கம்பி, ஒரே சுருதி என்றால் இழுவிசை நீளத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 645-லிருந்து 632-க்கு வந்தால் சுமார் 4 சதவீதம் குறையும், 597-க்கு வந்தால் சுமார் 14 சதவீதம். விரல் நுனி வலிக்கிறவர்களும் கம்பியை வளைத்து வாசிக்கிறவர்களும் இதை உடனே உணர்வார்கள். டிராப் டி மாதிரி சுருதி இறக்கி வாசிப்பீர்கள் என்றால் நீளமான ஸ்கேல் நல்லது. குட்டையில் ஆறாவது, அதாவது மிகத் தடித்த கம்பி தொளதொளத்துப் போகும்.

இரண்டாவது, நட் அகலம். 44.5 மி.மீ. விரலால் மீட்ட வசதி. 43 என்றால் கார்டு (பல கம்பியைச் சேர்த்து அழுத்தும் பிடி) பிடிக்க வசதி. 1965 வாக்கில் கிப்சன் கழுத்துகள் மெலிந்து 40 மி.மீ. அளவுக்கு வந்தன. படத்தில் அழகாக இருக்கும், தடித்த விரல்காரர் ஒரு சி கார்டு பிடித்தால் பக்கத்துக் கம்பி செத்துவிடும். 44.5-க்கும் 43-க்கும் ஒன்றரை மில்லிமீட்டர்தானே என்று விட்டுவிடாதீர்கள். இங்கே அது பெரிய தூரம்.

மூன்றாவது, கழுத்து உடம்போடு சேரும் இடம் 12-வது ஃப்ரெட்டா 14-வதா. (ஃப்ரெட் என்றால் கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி, வீணைக்காரர்கள் சொல்லும் மெட்டு.) 12 என்றால் பிரிட்ஜ் உடம்பின் நடுப்பக்கம் தள்ளி உட்கார்ந்திருக்கும், சத்தம் உருண்டையாக வரும், இடது கையும் உடம்புக்கு அருகில் இருக்கும். கேப்போவை 5-வதில் போட்டு மேலே வாசிக்கிறவர்களுக்கு 14.

இந்த மூன்றையும் கடைக்குப் போகும் முன் முடிவு செய்ய முடியாது. இரண்டு மூன்று கிட்டாரை ஒவ்வொன்றாகக் கால் மணி நேரம் மடியில் வைத்துப் பார்த்து, வசதியாக இருந்ததன் அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். அதன்பிறகு ஆன்லைனில் தேடினாலும் ஏமாற மாட்டீர்கள்.

ஒரு எச்சரிக்கை: சிறுவர்களுக்கான முக்கால் சைஸ் கிட்டார் வேறு சாதி. சின்னக் கை என்பதற்காகப் பெரியவர்கள் அதை வாங்கினால் ஃப்ரெட்டுகள் நெருக்கமாகி விரல் ஒன்றோடொன்று முட்டும்.

5. காதால் கேட்பது: ஒரே பாட்டு, ஒரே நாற்காலி

டியூன் செய்யாமல் எதையும் எடைபோடாதீர்கள். எல்லாக் கிட்டாரிலும் ஒரே பாட்டை, முதலில் மெதுவாக, பிறகு ஓங்கி வாசியுங்கள். மெதுவாக வாசிக்கும்போதே உயிர் இருக்கிறதா என்பதுதான் சிறிய கிட்டாருக்கான சோதனை. கடையில் எல்லோரும் ஓங்கி அடித்துப் பார்த்து வாங்குகிறார்கள், வீட்டில் குழந்தை தூங்கிய பிறகு மெதுவாகத்தான் வாசிக்கப் போகிறார்கள்.

அடுத்து ஒவ்வொரு கம்பியையும் ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் தனித்தனியாக. பொறுமை வேண்டும், ஆனால் எங்காவது சுரம் சட்டென்று செத்துப்போனால், இரைந்தால், இப்போதே தெரிந்துவிடும். கடைசியாக நண்பரை வாசிக்கச் சொல்லி எதிரே ஆறடி தள்ளி நில்லுங்கள். கிட்டார் முன்னோக்கிப் பேசுகிறது. வாசிக்கிறவருக்குக் கேட்பது பாதிதான்.

பழைய, துருப்பிடித்த கம்பியோடு தொங்கும் கிட்டாரை மந்தம் என்று தள்ளிவிடாதீர்கள். புதுக் கம்பி போட்டுக் காட்டச் சொன்னால் பல கடைகளில் போடுவார்கள்.

6. கழுத்துக் கோணம்: இதைத் தாண்டாமல் பணத்தை எடுக்காதீர்கள்

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு முறை படியுங்கள். ஆறு கம்பிகளின் இழுவிசை சேர்ந்தால் எழுபது கிலோ சுமை. அது பல வருடங்களில் கழுத்தை மெல்ல முன்னால் இழுக்கும், பிரிட்ஜுக்குப் பின்னால் மேல்பலகையை உப்பவைக்கும். விளைவு, கம்பி ஃப்ரெட்போர்டை விட்டு உயர்ந்துகொண்டே போகும்.

நான் ஏமாந்தது இங்கேதான். அறுபதுகளில் செய்த ஒரு சிறிய மகோகனி கிட்டார். சத்தம் தேன். ஆக்‌ஷன் (ஃப்ரெட்டுக்கு மேல் கம்பி நிற்கும் உயரம்) வெண்ணெய். விலையும் படிந்தது. வீட்டுக்கு வந்து டார்ச் அடித்துப் பார்த்தால் சேடில் பிரிட்ஜுக்கு மேலே ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. யாரோ சேடிலை ராவி ராவி ஆக்‌ஷனை இறக்கி விற்றிருக்கிறார்கள். அடுத்த வெயில் காலத்தில் ஆக்‌ஷன் ஏறியது, இறக்க அங்கே ஒன்றும் மிச்சமில்லை. கழுத்தைக் கழற்றிக் கோணம் திருத்தி ஒட்ட, கிட்டாருக்குக் கொடுத்ததில் பாதிக்கு மேல் ஆனது.

ஆகவே இந்த வரிசையில் அளந்து பாருங்கள்.

முதலில் கழுத்தின் வளைவு. ஆறாவது கம்பியை 1-வது ஃப்ரெட்டிலும் 14-வதிலும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். 7-வது ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவே ஒன்றிரண்டு தாள் நுழையும் இடைவெளி இருக்க வேண்டும். அதிகமாக இருந்தால் மற்ற அளவுகளெல்லாம் பொய் சொல்லும், அதனால்தான் இது முதலில். ட்ரஸ் ராட் (கழுத்துக்குள் ஓடும் திருகு கம்பி) உள்ள கிட்டாரில் இதைத் திருகிச் சரிசெய்யலாம். மார்ட்டினில் 1985-க்கு முந்தையவற்றில் திருகும் ராட் கிடையாது. கழுத்து வளைந்திருந்தால் வேலை பெரிது.

இரண்டாவது ஆக்‌ஷன். 12-வது ஃப்ரெட்டின் உச்சியிலிருந்து கம்பியின் அடிப்பக்கம் வரை. ஆறாவது கம்பி 2.4 மி.மீ., முதல் கம்பி 1.7 அளவில் இருந்தால் சுகம்.

மூன்றாவது, சேடில் பிரிட்ஜுக்கு மேலே எவ்வளவு தெரிகிறது என்பது. 3 மி.மீ. இருந்தால் நிம்மதி. கணக்கு எளிது: 12-வதில் அரை மில்லிமீட்டர் இறக்க, சேடிலில் ஒரு மில்லிமீட்டர் ராவ வேண்டும். ஆக்‌ஷன் 3.4, சேடில் மிச்சம் 1.5 என்றால் ஒரு மில்லிமீட்டர் இறக்க இரண்டு மில்லிமீட்டர் வேண்டும், இருப்பதோ ஒன்றரை. கதை முடிந்தது.

நான்காவது, பையில் வைத்த 60 செ.மீ. ஸ்கேல். ஃப்ரெட்டுகளின் மேல் நடுவாக வைத்துப் பிரிட்ஜ் வரை தள்ளுங்கள். நுனி பிரிட்ஜ் மரத்தின் மேல்விளிம்பை உரசிக்கொண்டு போனால் கோணம் சரி. விளிம்புக்குக் கீழே ஒரு மில்லிமீட்டருக்கு மேல் முட்டினால் கழுத்து வேலை வாசலில் நிற்கிறது. பிரிட்ஜைச் சிலர் சீவி மெலிதாக்கியிருப்பார்கள், இந்தச் சோதனையையே ஏமாற்ற. பிரிட்ஜ் அருகே மேல்பலகையிலிருந்து கம்பி சுமார் 12 முதல் 13 மி.மீ. உயரத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். அந்த எண் ஏமாறாது.

புதிய கிட்டாருக்கும் இதே நான்கு சோதனைகள். தொழிற்சாலையிலிருந்தே கோணம் தவறி வந்தவற்றைப் பார்த்திருக்கிறேன். அவற்றை வாங்கித் திருத்தாதீர்கள், பக்கத்தில் தொங்கும் அடுத்ததை எடுங்கள்.

7. பழைய கிட்டாருக்கு மட்டும்

முதல் கேள்வி: இது எஃகுக் கம்பிக்காகச் செய்ததா? மார்ட்டினில் எஃகுக் கம்பி 1922-இல்தான் ஒரு மாடலில் வழக்கமானது, மற்ற மாடல்களுக்கு அந்தப் பத்தாண்டின் போக்கில் வந்தது. அதற்கு முந்தைய மார்ட்டின் சின்ன கிட்டார்கள் பெரும்பாலும் குடல் நரம்புக்காகச் செய்தவை. அதில் எஃகுக் கம்பி மாட்டினால் பிரிட்ஜ் பிய்ந்து வரும், இல்லை மேல்பலகை மடங்கும். "போட்டுத்தான் வச்சிருக்காங்க, ஒண்ணும் ஆகலை" என்று விற்கிறவர் சொல்வார். ஆகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

பிறகு உள்சட்டம். கண்ணாடியையும் டார்ச்சையும் உள்ளே விட்டுப் பாருங்கள். எக்ஸ் வடிவச் சட்டமா, ஏணிப்படி மாதிரி குறுக்குச் சட்டமா? ஸ்டெல்லா போன்ற மலிவான பழைய கிட்டார்களிலும் கிப்சனின் எல்ஜி-0, எல்ஜி-1 மாடல்களிலும் ஏணிச் சட்டம். எல்ஜி-2 வெளியில் எல்ஜி-1 போலவே இருக்கும், உள்ளே எக்ஸ். விலை வித்தியாசத்துக்குக் காரணம் அதுதான். ஏணிச் சட்டத்தின் சத்தம் சுருக்கென்று எழுந்து சீக்கிரம் அடங்கும். ப்ளூஸ் வாசிப்பவர்கள் தேடிப் போய் வாங்குகிறார்கள். எனக்கும் பிடிக்கும், ஆனால் ஒரே கிட்டார்தான் வைத்துக்கொள்வேன் என்கிறவருக்குச் சொல்ல மாட்டேன்.

விரல் முட்டியால் மேல்பலகை, பின்பலகை முழுக்க மெல்லத் தட்டுங்கள். தர்பூசணி தட்டிப் பார்க்கிற மாதிரிதான். ஓரிடத்தில் சத்தம் கலகலத்தால் உள்ளே ஒரு சட்டம் பசை விட்டிருக்கிறது. திரும்ப ஒட்டுவது பெரிய செலவில்லை, ஆனால் விலை பேச உதவும்.

வெள்ளைத் தாளைப் பிரிட்ஜின் பின் விளிம்பில் நுழைத்துப் பாருங்கள். ஒரு நூல் அளவுக்கு மேல் உள்ளே போனால் பிரிட்ஜ் எழும்புகிறது. பிறகு கண்ணாடியில் பிரிட்ஜுக்கு அடியிலிருக்கும் பலகை: கம்பி முனையின் உருண்டைகள் மரத்தைத் தின்று குழி பறித்திருக்கிறதா? அறுபதுகளின் சில கிப்சன்களில் பிளாஸ்டிக் பிரிட்ஜும் திருகி உயர்த்தும் சேடிலும் இருக்கும். பலர் மாற்றிவிடுகிறார்கள். மாற்றியிருந்தால் யார், எப்படிச் செய்தார்கள் என்று கேளுங்கள்.

விரிசலுக்குப் பயப்படுகிறவர்கள்தான் அதிகம். ஒழுங்காக ஒட்டி, உள்ளே சிறு மரத்துண்டு வைத்துத் தாங்கிய விரிசல் பல வருடம் தாங்கும். வாசிப்பவருக்கு அது வரம், விலை குறையும். பயப்பட வேண்டியது கழுத்தின் தலைப்பகுதி முறிவுக்கும், சவுண்ட் ஹோல் ஓரம் குழிந்திருப்பதற்கும்தான். மேல்பூச்சை முழுக்கச் சுரண்டி மறுபடி அடித்திருந்தால் சேகரிப்பாளர் விலை பாதியாகக்கூடச் சரியும். அதைத் தெரிந்தே வாங்கினால் லாபம்.

வருடத்தைக் கடைசியில் பாருங்கள். மார்ட்டினில் சவுண்ட் ஹோல் வழியே கழுத்துக் கட்டையில் எண் தெரியும், 1930-களிலிருந்து மாடல் பெயரும் சேர்த்துப் பொறித்திருப்பார்கள். அதை வைத்து வருடம் உறுதியாகும். கிப்சனில் அறுபதுகளில் ஒரே எண்களை வெவ்வேறு வருடங்களில் திரும்பப் பயன்படுத்தியிருக்கிறார்கள், எண்ணை மட்டும் நம்ப முடியாது. நட் அகலம், பிரிட்ஜ், தலையில் உள்ள எழுத்து எல்லாம் ஒத்துப்போக வேண்டும்.

8. புதிய கிட்டாருக்கு மட்டும்

மேல்பலகை சாலிட் மரமா, பிளைவுட்டா? சவுண்ட் ஹோல் விளிம்பில் டார்ச் அடித்தால் மேலிருக்கும் மரக்கோடு விளிம்பைத் தாண்டிக் கீழே அப்படியே இறங்குவது தெரியும், அப்படி இருந்தால் சாலிட். பிளைவுட் என்றால் அடுக்குகள் தெரியும். சிறிய கிட்டாரில் அதிர்கிற பரப்பு ஏற்கனவே குறைவு, அதனால் மேல்பலகை சாலிடாக இருப்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள். பக்கமும் முதுகும் பிளைவுட்டாக இருந்தால் பரவாயில்லை.

முதல் கிட்டார் என்றால் யமஹா எஃப்எஸ்800 பார்க்கலாம்: சாலிட் ஸ்ப்ரூஸ் மேல்பலகை, 634 மி.மீ. ஸ்கேல், 43 மி.மீ. நட். இதை அளவுகோலாக வைத்து, இதைவிட எவ்வளவு மேலே போனால் உங்கள் காதுக்கு வித்தியாசம் தெரிகிறது என்று படிப்படியாக ஏறுங்கள். வித்தியாசம் தெரியாத இடத்தில் நின்றுகொள்வது சிக்கனம்.

9. விலை

பட்ஜெட்டை இரண்டாகப் பிரியுங்கள். புதியதற்குப் பத்தில் ஒரு பங்கை செட்டப் (கம்பி உயரம், கழுத்து வளைவு சரிசெய்யும் வேலை) செலவுக்கு வையுங்கள். பழையதற்குக் கழுத்து வேலைக்கான தொகையையும் ஒதுக்கி வைத்த பிறகுதான் பேரம். அமெரிக்காவில் நான் கேட்ட இடங்களில் அது 400 டாலருக்குக் கீழே வந்ததில்லை. 6-வது பகுதியில் அளந்த எண்களை விற்பவர் முன்னால் எழுதிக் காட்டுங்கள். "பார்த்துப் போட்டுக் குடுங்க" என்பதைவிட "சேடில் 1.5 தான் இருக்கு" என்பதற்கு மதிப்பு அதிகம்.

10. ஊருக்கு எடுத்துப் போவதாக இருந்தால்

பழைய கிட்டாரோடு விமானம் ஏறும் முன் மரத்தைப் பாருங்கள். பிரேசில் ரோஸ்வுட் 1992 முதல் சைட்டிஸ் (அருகிவரும் உயிரின வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச) ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. அனுமதிச் சீட்டில்லாமல் எல்லை தாண்டினால் பறிமுதல் வரை போகும். 1969 வரை மார்ட்டினின் 28 போன்ற வரிசைகளின் முதுகு அந்த மரம்தான். மகோகனி முதுகு என்று அலட்சியமாக இருக்க வேண்டாம், ஃப்ரெட்போர்டும் பிரிட்ஜும் பிரேசில் ரோஸ்வுட்டாக இருக்கலாம். சில பழைய கிட்டார்களில் நட் யானைத் தந்தம், அதற்குத் தனிச் சட்டம்.

நம் நீலகிரிப் பக்கத்து ஈட்டி மரம், தோதகத்தி என்கிறோமே, அதுதான் கடைகளில் இந்தியன் ரோஸ்வுட். அதில் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பர் முதல் சைட்டிஸ் சீட்டு தேவையில்லை. அடிக்கடி சென்னைக்குப் போய்வருகிறவர் என்றால் இந்த ஒரு காரணத்துக்காகவே புதியது வாங்குவேன்.

11. வீட்டுக்கு வந்த முதல் மாதம்

வீட்டு ஈரப்பதத்தைக் காட்டும் சின்ன மீட்டர் ஒன்றைப் பெட்டிக்குள் போடுங்கள். 45 முதல் 55 சதவீதம் நல்லது. இங்கே ஜனவரியில் ஹீட்டர் ஓடும்போது வீட்டுக்குள் 25-க்குக்கூட இறங்கும். மரம் சுருங்கி ஃப்ரெட் முனைகள் விரலைக் கீறும், பலகை வெடிக்கும். பெட்டிக்குள் ஈரப்பஞ்சு வையுங்கள். சென்னையில் நிலைமை எதிர்: மேல்பலகை உப்பி ஆக்‌ஷன் ஏறும். பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் பை வையுங்கள். ஏசி அறையிலிருந்து வெளியறைக்கு நாளுக்கு நாலு முறை மாற்றாதீர்கள்.

கம்பி: பழைய சிறிய கிட்டாருக்கு 12-ஐத் (முதல் கம்பியின் தடிமன், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) தாண்ட வேண்டாம், 11-இல் தொடங்குங்கள். தடித்த கம்பி போட்டால் சத்தம் கூடும் என்று ஆரம்பித்தவர்கள்தான் ஆறாம் பகுதியில் சொன்ன கழுத்து வேலைக்கு வரிசையில் நிற்கிறார்கள்.

ஒரு வருடச் சுழற்சி முடியும்வரை சேடிலை ராவாதீர்கள். குளிர்காலத்தில் பலகை இறங்கிக் கம்பி இரையும், கோடையில் உப்பி ஏறும். ஒரே சேடிலில் இரண்டையும் சமாளிக்க முடியவில்லை என்று என் 000-வுக்கு இரண்டு எலும்புச் சேடில் செய்து வைத்திருக்கிறேன், அரை மில்லிமீட்டர் வித்தியாசத்தில். உயரமானதை நவம்பரில் போடுவேன், தாழ்ந்ததை மே மாதத்தில். மாற்றப் பத்து நிமிடம் ஆகிறது.